மொத ஆள நீயே எடுத்துக்கோ

தென்காசிப் பக்கம் ஆனி, ஆடியில் பள்ளி மைதானம் காய்வதே இல்லை. குற்றால மலையில் மேகம் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் இங்கே சாரல் வந்துவிடும். அந்த ஈரத்திலேயே கபடிக்குக் கோடு போடுவோம். ஆட்டத்தில் நடக்கும் சண்டையைவிட, ஆட்டத்துக்கு முந்திய ஐந்து நிமிடத்தில் நடக்கும் சண்டைதான் பெரிது. ஆள் பிரிக்கும் சண்டை. கேப்டன்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்பார்கள். மற்றவர்கள் 'என்னை எடு' என்று கண்ணால் கெஞ்சிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பூவா தலையா போட்டு ஜெயித்தவன் முதல் ஆளைக் கூப்பிடுவான்.

எங்கள் வகுப்பில் ஒருவன் மட்டும், ஜெயித்தாலும் முதல் ஆளைக் கூப்பிட மாட்டான். "ஏல, மொத ஆள நீயே எடுத்துக்கோ. அடுத்த ரெண்டு பேரும் எனக்கு" என்பான். எதிர்க் கேப்டன் முகமெல்லாம் பல்லாக, இருப்பதிலேயே நன்றாகப் பாடிப் போகிறவனை இழுத்துக்கொள்வான். நம்மவன் சிரிக்காமல் இரண்டாமவனையும் மூன்றாமவனையும் கூட்டிக்கொண்டு போவான். அவன் கெட்டிக்காரனா, ஏமாளியா? இதை எங்களால் கடைசிவரை முடிவுசெய்ய முடியவில்லை.

அமெரிக்காவில் 32 பணக்காரக் கிளப்புகள் வருடா வருடம் இதே கேள்வியோடு மண்டையை உடைத்துக்கொள்கின்றன. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஒரு பொருளியல் அறிஞர் இதையே ஆராய்ச்சியாகச் செய்தார். அவருக்குக் கிடைத்த விடை எங்கள் மைதானத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

உத்தி பிரித்தவர்களின் அறிவு

அதற்கு முன் இன்னொரு பழைய முறையைப் பார்த்துவிடலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் 'உத்தி' பிரிப்பார்கள். ஏறக்குறைய சமபலம் உள்ள இருவர் இருவராகச் சேர்ந்து, தோளில் கைபோட்டுக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள். ஒருவன் பூ, ஒருவன் காய் என்பதுபோல் இரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, "பூ வேணுமா, காய் வேணுமா?" என்று தலைவர்களிடம் கேட்பார்கள். தலைவர் ஒரு பெயரைச் சொல்ல, அதற்குரியவன் அந்தப் பக்கம் போவான்.

இதில் யார் முதலில் கேட்பது என்று சண்டையே வராது. ஏன் என்று யோசித்தால் இந்த அத்தியாயத்தின் பாதி புரிந்துவிடும். ஜோடியாக வந்த இருவருமே ஏறக்குறைய சமம். எவன் வந்தாலும் ஒன்றுதான். ஆகவே முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு அங்கே விலையே இல்லை.

முதல் தேர்வின் மதிப்பு என்பது முதல் ஆளின் திறமை அல்ல. முதல் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் உள்ள இடைவெளிதான் அது. அந்த இடைவெளி பெரிதென்றால் முதலிடத்துக்காக எதையும் விட்டுக்கொடுக்கலாம். சிறிதென்றால் அப்படி விட்டுக்கொடுப்பவன்தான் ஏமாளி. இடைவெளி எவ்வளவு என்று நமக்கு நிச்சயமாகத் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. வம்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

வரிசையில் நிற்கும் 32 பேர்

அமெரிக்கக் கால்பந்து என்பது பேருக்குத்தான் கால்பந்து. பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அந்த லீக்கில் கல்லூரி வீரர்களை எடுக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். டிராஃப்ட் என்பார்கள், நாம் 'ஆளெடுப்பு வரிசை' என்று வைத்துக்கொள்வோம். போன வருடம் கடைசியில் வந்த கிளப் முதலில் எடுக்கும். கோப்பை வென்ற கிளப் கடைசியில் எடுக்கும். இப்படி ஏழு சுற்று. பலவீனமானவன் கைதூக்கிவிடப்பட வேண்டும் என்பது நோக்கம். இங்கே சுவாரசியம் என்னவென்றால், வரிசையில் உள்ள இடத்தை மாற்றிக்கொள்ளலாம். முன்னால் போக விரும்புபவர் இரண்டு மூன்று இடங்களைக் கொடுத்து ஓர் இடம் வாங்குவார்: அது வரிசை ஏற்றம். முன்னிடத்தை விட்டுக்கொடுத்துப் பின்னால் பல இடங்களைப் பெறுவது வரிசை இறக்கம். எங்கள் வகுப்புக்காரன் செய்தது அதுதான்.

எந்த இடம் எத்தனை பெறும்? 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கிளப் இதற்கு ஒரு பட்டியல் தயாரித்தது. முதல் இடத்துக்கு 3000 புள்ளி. இரண்டாவதுக்கு 2600. பத்தாவதுக்கு 1300. முதல் சுற்றின் இறுதியில், 32-வது இடத்துக்கு 590. அதாவது முதல் இடம் வேண்டுமென்றால் பத்தாவது இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கொடுக்க வேண்டும். பட்டியல் மெல்ல மெல்ல எல்லாக் கிளப்புக்கும் பரவி, சந்தை விலை போல ஆகிவிட்டது.

ஆனால் அது எப்படிக் கணக்கிடப்பட்டது தெரியுமா? முந்தைய ஆண்டுகளில் கிளப்புகள் எதற்கு எதை மாற்றிக்கொண்டன என்று பார்த்துப் போட்டது. அந்த வீரர்கள் பிறகு எப்படி ஆடினார்கள் என்று பார்த்துப் போட்டதல்ல. மக்கள் கொடுத்த விலை அதில் இருந்தது. கொடுத்திருக்க வேண்டிய விலை இல்லை. இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். அதற்குக் குற்றாலம் போக வேண்டும்.

எட்டுப் பலாப்பழம்

சீசனில் குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியெல்லாம் பழக்கடை. மங்குஸ்தான், ரம்புட்டான், துரியான், பலா. இதில் பலாப்பழம்தான் நம் கணக்குக்கு ஏற்ற பழம். வெளியே முள், உள்ளே என்ன என்று வெட்டும்வரை தெரியாது. தட்டிப் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், அமுக்கிப் பார்க்கலாம். அனுபவசாலி சொல்வதும் கடைசியில் ஒரு யூகம்தான்.

எட்டு வியாபாரிகள், எட்டுப் பழங்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் நான் கணக்குக்காகப் போடுபவை. சந்தையில் போய்ச் சண்டை போடாதீர்கள். வரிசைப்படி ஒவ்வொருவராகப் பழம் எடுக்கிறார்கள். முதலில் எடுப்பவர் 600 ரூபாய் தர வேண்டும். அடுத்தவர் 500, பிறகு 400, 300, 250, 220, 200, 190. பழத்தை வெட்டிச் சுளை ஒன்று 4 ரூபாய்க்கு விற்பார்கள்.

பல சீசன் பார்த்ததில், முதலில் எடுத்த பழத்தில் சராசரியாக 120 சுளை இருக்கிறது. இரண்டாவதில் 112, மூன்றாவதில் 106, நான்காவதில் 102, ஐந்தாவதில் 100. அதன்பின் சரிவு கூடி 90, 75, 60. கவனியுங்கள், முதல் பழம்தான் நல்ல பழம். அதில் சந்தேகமில்லை. தட்டிப் பார்த்த அனுபவம் வீண் போகவில்லை.

இப்போது கையில் நிற்பதைப் பாருங்கள். முதலாமவர் 120 சுளையை 480 ரூபாய்க்கு விற்கிறார். கொடுத்தது 600. நட்டம் 120. இரண்டாமவருக்கு 52 ரூபாய் நட்டம். மூன்றாமவருக்கு 24 ரூபாய் லாபம். நான்காமவர் 300 கொடுத்து 408 பார்க்கிறார், 108 லாபம். ஐந்தாமவருக்கு 150. ஆறாமவருக்கு 140. பிறகு 100, கடைசியில் 50.

கொடுத்த விலை போகக் கையில் நிற்பதை நம் வியாபாரிகள் 'மிச்சம்' என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். பழத்தின் தரம் முதலிடத்தில் உச்சம். ஆனால் மிச்சத்தின் உச்சம் ஐந்தாவது இடத்தில் இருக்கிறது. விலை செங்குத்தாக இறங்குகிறது, தரமோ முதலில் சாய்வாகத்தான் இறங்குகிறது. அந்த இரண்டு சரிவுக்கும் நடுவே நிற்பவன் பிழைக்கிறான்.

முதலிடத்தில் இருப்பவர் தன் இடத்தைக் கொடுத்து, நான்காவதையும் ஆறாவதையும் வாங்கிக்கொண்டால்? 520 ரூபாய் போட்டு 768 எடுப்பார். 120 நட்டப்பட இருந்தவர் கையில் 248 மிச்சம். எதிராளி வருத்தப்படுவாரா? மாட்டார். விலைப்பட்டியல்படி 520 ரூபாய் மதிப்பைக் கொடுத்து 600 ரூபாய் மதிப்பை வாங்கியதாக அவர் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இரண்டு பேரும் சந்தோஷமாகப் பிரிவார்கள். ஆனால் பணம் ஒருவர் பையில்தான் இருக்கும்.

அடுத்தவனைவிட 52

ரிச்சர்ட் தாலரும் கேட் மாசியும் அமெரிக்க லீக்கை இப்படித்தான் வெட்டிப் பார்த்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் எடுக்கப்பட்ட வீரருக்குக் கிளப் எவ்வளவு கொடுத்தது, அதே தரமுள்ள ஆட்டத்தைச் சந்தையில் வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று ஒப்பிட்டார்கள். கட்டுரை 2005-லிருந்தே புழக்கத்தில் இருந்தது. 2013-ல் 'மேனேஜ்மென்ட் சயின்ஸ்' இதழில் அச்சேறியது. தாலருக்கு 2017-ல் நோபல் கிடைத்தது.

அவர்கள் கண்டது நம் பலாப்பழக் கணக்கின் அதே வடிவம். வீரர்களின் தரம் முதலிடத்திலிருந்து இறங்குகிறது. ஆனால் மிச்சம் முதல் சுற்று முழுவதும் ஏறிக்கொண்டே போய், இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் உச்சம் தொடுகிறது. முதலிடத்தை வைத்திருப்பது தோற்ற கிளப்புக்குப் பரிசு என்று நினைத்தார்கள். அது தண்டனையாக இருந்தது. 'தோற்றவர் சாபம்' என்று தலைப்பு வைத்தார்கள்.

என்னை உட்கார வைத்தது வேறோர் எண். ஒரு வீரரையும், அதே ஆட்ட இடத்துக்கு அவருக்கு அடுத்தபடியாக எடுக்கப்பட்ட வீரரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னவர் பின்னவரைவிட நன்றாக ஆடுவதற்கு என்ன வாய்ப்பு? நூற்றுக்கு 80? 70? கண்டது 52. பூவா தலையாவுக்கும் இதற்கும் இரண்டே எண் இடைவெளி. ஆண்டுக்கணக்கில் வீடியோ பார்த்து, ஓடவிட்டு, குதிக்கவிட்டு, எடைபார்த்து, கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுத்தும் 52. கிளப்புகள் அறியாமல் தேர்ந்தெடுக்கின்றன என்று இதற்கு அர்த்தமில்லை. முதலிடத்துக்கும் ஐம்பதாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. பக்கத்துப் பக்கத்து இருவரில் எவன் மேல் என்றுதான் தெரிவதில்லை. அதற்குத்தான் அதிக விலையும் கொடுக்கிறார்கள்.

1998-ல் இரண்டு பந்தெறி நாயகர்கள் முன்னணியில் நின்றார்கள்: பெய்டன் மானிங், ரையன் லீஃப். எவர் மேல் என்று நாடே பட்டிமன்றம் நடத்தியது. மூன்றாம் இடத்தில் இருந்த சான் டியாகோ கிளப் இந்த இருவரில் ஒருவர் எப்படியும் வேண்டும் என்று, ஒரே ஒரு படி ஏறி இரண்டாம் இடத்துக்கு வந்தது. அந்த ஒரு படிக்குக் கூலியாகத் தன் மூன்றாம் இடத்தோடு, இரண்டாம் சுற்று இடம் ஒன்று, அடுத்த ஆண்டின் முதல் சுற்று இடம், கூடவே இரண்டு வீரர்களையும் கொடுத்தது. முதலில் போன மானிங் ஐந்து முறை ஆண்டின் சிறந்த வீரரானார். சான் டியாகோ எடுத்த லீஃப், தன் ஆட்ட வாழ்க்கையில் மொத்தம் 21 ஆட்டத்தில்தான் தொடக்க வீரராக இறங்கினார்.

அவசரத்துக்கும் அங்கே விலை உண்டு. இந்த ஆண்டு மூன்றாம் சுற்றில் ஓர் இடத்தை விட்டுக்கொடுத்தால், அடுத்த ஆண்டு இரண்டாம் சுற்றில் ஓர் இடம் தருகிறார்கள். இதை வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 136 சதவீதம். கந்துவட்டிக்காரரே கூச்சப்படுவார்.

அதிகமாகத் தப்பு செய்தவர் ஜெயிக்கிறார்

இவ்வளவு அறிவுள்ள ஆட்கள் ஏன் இப்படிக் கொட்டிக் கொடுக்கிறார்கள்? மறுபடி ஒரே ஒரு பலாப்பழத்தை ஏலத்தில் வையுங்கள். உள்ளே இருப்பது 100 சுளை. ஐந்து பேர் தட்டிப் பார்த்து 80, 90, 100, 110, 130 என்று மனத்துக்குள் போடுகிறார்கள். சேர்த்துச் சராசரி பார்த்தால் 102. கூட்டத்தின் அறிவில் குறையில்லை. ஆனால் பழம் யார் கைக்குப் போகும்? 130 என்று நினைத்தவர் கைக்கு. அதாவது மேல்பக்கமாக அதிகம் தப்பு செய்தவருக்கு. இதற்கு 'வென்றவர் சாபம்' என்று பெயர். 1971-ல் மூன்று எண்ணெய்ப் பொறியாளர்கள், மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களை ஏலம் எடுத்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வரவில்லை என்று ஆராய்ந்து எழுதியபோது வெளிச்சத்துக்கு வந்த கருத்து இது.

வரிசையிலும் இதே கதைதான். ஒரு வீரரின் மேல் 32 கிளப்புகளில் எதற்கு அளவுகடந்த ஆசையோ, அதுதான் முன்னேறி வந்து எடுக்கும். ஆசை கூடின இடத்தில் கணக்கு தப்பும். பெண்பார்க்கும் படலத்திலும் நிலம் வாங்குவதிலும் நாம் பார்க்காததா?

தலைவாஸும் 2 கோடியே 26 லட்சமும்

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் வரிசை முறை வந்து போயிருக்கிறது. ஐ.எஸ்.எல். கால்பந்தில் 2017-ல் மும்பையில் நடந்த ஆளெடுப்பில், புதுக் கிளப்பான ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக மலப்புறத்துக்காரர் அனஸ் எடத்தொடிகாவை எடுத்தது. அந்த சீசனில் ஜாம்ஷெட்பூர் ஐந்தாவதாக நின்றது, கோப்பை சென்னையினுக்கு. டி.என்.பி.எல். கிரிக்கெட்டும் வரிசையில் ஆரம்பித்து 2023-ல் ஏலத்துக்கு மாறிக்கொண்டது. ஆனால் நல்ல உதாரணம் கபடியில்தான் இருக்கிறது. புரோ கபடியில் வரிசை இல்லை, ஏலம். ஒவ்வொரு அணிக்கும் ஒரே அளவு பணப்பை. ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் மற்றவர்களுக்குக் குறையும். ஆகவே அதுவும் மறைமுகமான வரிசை இறக்க, ஏற்றக் கணக்குத்தான்.

2022 ஆகஸ்ட் ஏலத்தில் தமிழ் தலைவாஸ், பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. அதுவரை கபடியில் எவருக்கும் கிடைக்காத தொகை. அணியின் மொத்தப் பை 4 கோடியே 40 லட்சம். பாதிக்கும் மேல் ஒரே ஆளுக்கு. முந்தைய சீசன்களில் அடிமட்டத்திலேயே கிடந்த அணி என்பதால், ரசிகர்களுக்கு அது புரிந்துகொள்ளக்கூடிய ஆசையாகத்தான் இருந்தது.

அக்டோபர் 8, குஜராத்துடன் முதல் ஆட்டம். முதல் பாதியிலேயே பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசனில் அவர் திரும்பி வரவில்லை. பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்குக் காத்திருந்தபடி தொலைக்காட்சியில் அதைப் பார்த்தேன். "பாதிப் பணம் போச்சே" என்று பக்கத்து மேசையில் ஒருவர் தன் வீட்டுப் பணம் போலச் சொன்னார்.

பிறகு நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. புதிய இளம் வீரர் என்ற பிரிவில் வந்த நரேந்தர், பவனின் இடத்தில் பாடிப் போக ஆரம்பித்தார். முதல் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளிகள். தலைவாஸ் தன் வரலாற்றில் முதல் தடவையாகப் பிளே-ஆஃப் போய், அரையிறுதியில் புனேயிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

இந்தக் கதையைச் சொல்லி, 'பார்த்தீர்களா, நட்சத்திரம் தேவையில்லை' என்று முடித்துவிடலாம். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது அறிவியல் ஆகாது. பவன் நின்றிருந்தால் கோப்பையே வந்திருக்கலாம். காயத்தை யாரும் ஏலத்தில் பார்க்க முடியாது. இந்தச் சம்பவம் காட்டுவது ஒன்றே ஒன்று: பாதிப் பையை ஒரே முழங்காலில் வைத்தால், அந்த முழங்கால் போனால் பாதிப் பையும் போகும். நரேந்தரைப் போன்றவர் கைவசம் இருந்தது தலைவாஸின் அதிர்ஷ்டம்.

ஏழு சீசன் கணக்கு

கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். 2017-ல் ஏலத்தின் மிக விலையுயர்ந்த ஆள் நிதின் தோமர், 93 லட்சம், உத்தரப் பிரதேச அணி. 2018-ல் மோனு கோயத், 1.51 கோடி, ஹரியானா. 2019-ல் சித்தார்த் தேசாய், 1.45 கோடி, தெலுங்கு டைட்டன்ஸ். 2021-ல் பர்தீப் நர்வால், 1.65 கோடி, மீண்டும் உத்தரப் பிரதேசம். 2022-ல் பவன். 2023-ல் மறுபடியும் பவன், 2.605 கோடி, தெலுங்கு டைட்டன்ஸ். 2024-ல் சச்சின், 2.15 கோடி, மறுபடியும் நம் தலைவாஸ். இந்த ஏழு சீசனிலும், அதிக விலை கொடுத்த அணி ஒன்றுகூடக் கோப்பை வெல்லவில்லை. 2023-ல் பவனை வாங்கிய டைட்டன்ஸ் 22 ஆட்டத்தில் இரண்டே இரண்டு வென்று கடைசியில் நின்றது.

ஏழுக்கு ஏழு! சாபம் நிரூபணமாகிவிட்டதா? இல்லை, பொறுங்கள். லீக்கில் 12 அணிகள். விலைக்கும் வெற்றிக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்தாலும், குறிப்பிட்ட ஓர் அணி ஒரு சீசனில் கோப்பை தவறவிடும் வாய்ப்பு 12-க்கு 11. இப்படி ஏழு சீசன் தொடர்ந்து தவறும் வாய்ப்பு ஏறக்குறைய 54 சதவீதம். சரி, நட்சத்திரம் வந்ததால் கோப்பை வாய்ப்பு இரண்டு மடங்கானது என்றே வைப்போம். அப்போதும் ஏழுமுறை தவற 28 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே மேடையில் பேச நன்றாயிருக்கும் இந்தப் பட்டியல், தானாக எதையும் நிரூபிக்காது. எதிர்ச்சான்றும் தென்காசியிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. 2023 டி.என்.பி.எல். ஏலத்தில் சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு, அந்த ஏலத்திலேயே அதிக விலைக்கு, எடுத்த கோவை அணி, அதே ஆண்டு திருநெல்வேலியில் நெல்லை அணியை 104 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

பட்டியலுக்குள் இருக்கும் இன்னொரு செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2018 சீசன் கோப்பையை வென்றது பெங்களூரு. இறுதி ஆட்டத்தில் 22 புள்ளி எடுத்துக் கோப்பையைக் கொண்டுவந்தவர் யார்? இதே பவன். அந்த ஆண்டு ஏலத்தில் அவர் விலை 52.8 லட்சம். மோனு கோயத்தின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதே கால், அதே மூச்சு. 52.8 லட்சத்தில் அவர் பெங்களூருக்கு ஐந்தாவது பலாப்பழம். 2.605 கோடியில் டைட்டன்ஸுக்கு முதல் பலாப்பழம். சாபம் ஆளுக்கு இல்லை. விலைக்கு.

சாய் சுதர்சனும் இதையேதான் காட்டுகிறார். டி.என்.பி.எல்.லில் 21.6 லட்சம் வாங்கியவரை ஐ.பி.எல்.லில் குஜராத் 20 லட்சத்துக்கு வைத்திருந்தது. 2023 இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தார்.

எப்போது இறங்கக் கூடாது

எங்கள் வகுப்புக்காரன் எப்போதும் சரி என்று சொல்லிவிட்டால் இது மூடநம்பிக்கை ஆகிவிடும். அவன் கணக்கு உடையும் இடங்கள் உண்டு.

முதலில், களத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் தாக்க ஒரு பதினொருவர், தடுக்க வேறு பதினொருவர். ஒருவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். அங்கே ஒன்றைக் கொடுத்து மூன்றை வாங்கினால் மூன்றுக்கும் இடம் இருக்கும். கூடைப்பந்தில் ஐந்தே பேர். அங்கே ஒரு மைக்கேல் ஜோர்டானைக் கொடுத்து மூன்று நடுத்தர ஆட்களை வாங்கினால், அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டத்தான் முடியும். அந்த ஜோர்டானே 1984-ல் மூன்றாவதாகத்தான் எடுக்கப்பட்டார் என்பது வேறு விஷயம். கபடி ஏழு பேர். ஒரு நல்ல ரெய்டர் ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தனியாகச் சுமப்பார். ஆகவே அமெரிக்கக் கணக்கைக் கபடிக்கு அப்படியே போட்டால் தப்பாகும். நான் கபடி அணி நடத்தினால் முதல் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுப்பேன். பாதிப் பையைக் கொடுக்க மாட்டேன்.

அடுத்தது, விலைச்சரிவு மாறினால் விடையும் மாறும். 2010-ல் அமெரிக்க வரிசையில் முதலாவதாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். 2011-ல் புதுமுகங்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. அந்த ஆண்டு முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடி. நம் பலாக்கடையில் முதல் பழத்தின் விலையை 600-லிருந்து 350 ஆக்கிவிட்டது போல. அதன்பின் முதலிடம் அவ்வளவு மோசமான இடமில்லை. ஆனாலும் அதை விற்க வந்தால் வாங்குகிறவர்கள் பழைய ஆசையோடு வருகிறார்கள். ஆகவே சம்பளம் குறைந்தபின்னும், கைமாற்றுவதில் லாபம் இருக்கிறது.

மூன்றாவது சங்கதி பயிற்சி. பின்வரிசை ஆட்களை எடுத்துப் பழக்கத் தெரிந்தால்தான் மிச்சம் வரும். தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பேர்பெற்ற கல்லூரிகளில் முதல் நாள் நேர்காணலுக்கு முண்டியடிக்கும்போது, ஸோஹோ தன் பள்ளியில் பட்டம் கேட்காமல் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பழக்கி வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. 2011-லிருந்து இந்த ஊரில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. இது வரிசை இறக்கத்தின் நல்ல உதாரணம். ஆனால் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களின் சம்பளத்தையும், பழகும் மாதங்களையும் விலையில் சேர்த்துத்தான் மிச்சம் பார்க்க வேண்டும். பழக்கும் பொறுமை இல்லாத முதலாளி பின்வரிசைக்கு இறங்கினால், அவருக்கு 60 சுளைப் பழம்தான்.

இத்தனையும் போட்டுப் பார்த்தபின் என் தீர்ப்பு இது. ஆட்கள் நிறையத் தேவைப்படும் ஆட்டத்தில், முதலாமவனுக்கும் இரண்டாமவனுக்கும் இடைவெளி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாதபோது, எதிராளி ஆசையோடு கேட்டால், இறங்கிவிட வேண்டும். எங்கள் வகுப்புக்காரன் கெட்டிக்காரன்தான். ஆனால் ஏழு பேர் ஆடும் கபடியில் அவன் அதைச் செய்தது, கணக்கு தெரிந்து செய்ததா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்.

அமெரிக்காவின் ஆளெடுப்பு வரிசையைத் தொடங்கிவைக்கும் யோசனையைச் சொன்னவர் பிலடெல்பியா கிளப்பின் முதலாளி பெர்ட் பெல். 1936-ல் நடந்த முதல் வரிசையில் முதல் இடம் அவர் கிளப்புக்கே கிடைத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கரை, முந்தைய ஆண்டின் சிறந்த கல்லூரி வீரரை, எடுத்தார்கள். அவர் கேட்ட சம்பளம் கட்டுப்படியாகாது என்று அந்த உரிமையைச் சிகாகோ கிளப்புக்குக் கைமாற்றினார்கள். அவர்களுக்கும் கட்டுப்படியாகவில்லை. பெர்வாங்கர் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல், ரப்பர் விற்பனை வேலைக்குப் போனார்.